மூன்றாம் தடம்

ஃபரோ தீவுகளில் ரயில் இல்லை.
ஒரு முழம் தண்டவாளம்கூட இல்லை.
ஆனாலும் இருபத்தாறு வருடமாக
ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள்
மே மாதத்தில் ஒரு காலை
டேனிஷ் ரயிலைப் பிடிக்கிறார்கள்.

ஒலிநாடாவில் பிரேக் கிறீச்சிடும்.
ஒரு பெண் மூச்சிரைக்கக் கேட்பாள்:
ஓடென்ஸுக்கு எந்தத் தடம்?
ஒருவர் எதையோ மென்றபடி சொல்வார்:
மூன்று.
வினா ஏழு, ஒரு மதிப்பெண்.
இதுவரை யாரும் தவறவிட்டதில்லை
ரயிலையும், மதிப்பெண்ணையும்.

இரண்டாம் மொழிப் பாடத்திட்டத்தைப் புதுப்பிக்க
எங்கள் ஆறு பேரை உட்கார வைத்தார்கள்,
துறைமுகம் தெரியும் அறையில்.
டென்மார்க்கிலிருந்து வரவேண்டிய லிஸ்பெத்
மூடுபனியால் விமானம் இறங்க முடியாமல்
வந்த வழியே திரும்பிப் போயிருந்தார்.
இரண்டு நாள்,
அவர் மொழியைப் பற்றி அவர் இல்லாமல்
சண்டை போட வசதியாக இருந்தது.

முதலில் ரயிலை இறக்குங்கள் என்றாள் மார்ஜுன்.
படகை ஏற்றுங்கள்.
கடலுக்கு அடியில் சுரங்கம் இருக்கிறது,
சுரங்கத்துக்குள் ரவுண்டானாவே இருக்கிறது,
பிள்ளைகள் பார்த்ததைக் கேளுங்கள்.
நான்தான் முதலில் கை தூக்கினேன்.

புது வினாவும் பழைய வினாவும்
தெற்குத் தீவின் பள்ளியில் வெள்ளோட்டம் போனது.
சுன்வா என்ற பெண்
படகு வினாவுக்குக் கீழே எழுதியிருந்தாள்:
படகில் டிக்கெட் கிழிப்பவர் என் மாமா.
அவரிடம் நான் ஏன் டேனிஷில் பேசவேண்டும்?

அறையில் காபி ஆறியது.
யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள்,
திறந்தே இருக்காத ஜன்னலை.

ட்ரோண்டுர் என்ற பையன்
ரயில் வினாவுக்கு ஒரு படம் போட்டிருந்தான்.
மலைச்சரிவு. ஆடுகள் நடந்து நடந்து தேய்த்த
மூன்று கால்தடங்கள்.
மூன்றாவதில், உச்சிக்கு ஏறும் அதில்,
ஜன்னல் வைத்த ஒரு நீளப்பெட்டி.
முன்னால் ஓர் ஆடு வழிவிடாமல் நிற்கிறது.

எங்களுக்கும் அவர்களுக்கும்
அந்தச் சொல் ஒன்றுதான்.
அவர்கள் அதில் இரும்பைப் போட்டார்கள்,
நாங்கள் ஈரமண்ணில் விட்டுவைத்தோம்.
விடைக்குறிப்பு மூன்று என்கிறது.
பையனும் மூன்று என்கிறான்.
மதிப்பெண் போட்டுவிட்டு
நெடுநேரம் அந்தத் தாளை
நான் அடுத்தவரிடம் தள்ளவில்லை.

மூன்றாம் நாள் லிஸ்பெத் வந்தார்,
கோட்டில் மழையோடு.
அன்று வாய்மொழித் தேர்வு.
உச்சரிப்புக்குக் கீழே பழைய வரி ஒன்று:
டேனிஷ்காரர் விழுங்கும் எழுத்தைச்
சொல்லிவிட்டால் இரண்டு மதிப்பெண் குறை.
நாங்கள் எதையும் விழுங்காதவர்கள்.
எழுதியது எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்வோம்,
மீனை முள்ளோடு பரிமாறுவதுபோல.

நான் அப்போது சொல்லவேண்டியதாயிற்று.
பத்தொன்பது வயதில், கோபன்ஹேகனில்,
உச்சரிப்பில் பன்னிரண்டு வாங்கிய நாக்கோடு
எந்தத் தடம் என்று கேட்டேன்.
அந்த ஆள் என்னை ஒருமுறை பார்த்தார்.
ஆங்கிலத்தில் பதில் சொன்னார்.
நான் ஏறியது வேறு ரயில்.

யாரும் சிரிக்கவில்லை, லிஸ்பெத்தைத் தவிர.
சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு
தன் பேனாவால் அந்த வரியை அடித்தார்.
உங்கள் பிள்ளைகள் பேசுவது
எனக்கு ஒரு சொல் விடாமல் புரிகிறது,
என் மகன் பேசுவதுதான் புரிவதில்லை என்றார்.

ஜூனில் அமைச்சகம் வரைவைத் திருப்பியனுப்பியது.
அடித்த வரி மீண்டும் உள்ளே வந்திருந்தது,
இரண்டு என்பது ஒன்றாகி.
அதற்கு அடுத்த கூட்டம் செப்டம்பரில்.

படகு போய்விட்டது. ரயில் இருக்கிறது.
வினா ஏழின் கீழ்
நான்கு சென்டிமீட்டர் வெற்றிடம் கேட்டிருக்கிறேன்.
அச்சகத்திலிருந்து ஒருவர் போனில் கேட்டார்,
இங்கே ஏதோ விட்டுப்போயிருக்கிறதே,
என்ன வரவேண்டும்?

ஒன்றும் வேண்டாம் என்றேன்.
கோடும் போடாதீர்கள்.
ஆடுகள் போகும் இடம்.